அவித்ததா, வறுத்ததா? அரைச் சாக்குக் கடலையும் இரண்டு கட்சிகளும்

நாலு மாதத்துக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவர், தோட்டத்தில் பறித்த கையோடு அரைச் சாக்குப் பச்சை வேர்க்கடலையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மண்கூட உதிராத கடலை. சில கொத்துகளில் காம்பும் தழையும் அப்படியே தொங்கின. அண்ணன் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "காயப்போட்டு, உரிச்சு, மொத்தத்தையும் வறுத்து டின்னில போட்டுடலாம். கவலையே இல்ல."

"அவிக்கலாமே" என்றேன்.

"அவிச்சா நாளைக்கே ஊசிப்போயிடும்டா."

எங்கள் வீட்டில் இது முப்பது வருஷத்துச் சண்டை. அப்பா வறுத்த கட்சி, பாட்டி அவித்த கட்சி. அப்பாவின் பக்கம் அண்ணன் போனான், பாட்டியின் பக்கம் நான். கடைசியில் சாக்கை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதால், இனி நடுநிலை வேஷம் தேவையில்லை.

வாசனையில் வறுத்ததுதான் ஜெயிக்கும், அதில் வாதமே கிடையாது. திறந்த பானைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மணலிலோ வாணலியிலோ அதைத் தாண்டி ஏறும்போதுதான் பருப்பிலுள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவந்து, தெருக்கோடி வரை போகும் அந்த மணத்தைக் கிளப்புகின்றன. அவித்ததில் மண்வாசனையும் உப்பும்தான். ஆனால் கடலை உண்மையில் ஒரு பயறு, அவரைக்கும் துவரைக்கும் சொந்தக்காரன். அவித்தால் பயறாகவே இருக்கிறது. வறுத்தால் முந்திரி, பாதாமோடு போய் உட்கார்ந்துகொண்டு தானும் கொட்டை என்கிறது.

பேரிலும் இதே குழப்பம்தான். வேர்க்கடலை என்கிறோம், அது வேரில் காய்ப்பதே இல்லை. பூ மேலேதான் பூக்கிறது. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் புகுந்து, நுனியில் காயாகப் பருக்கிறது. தென் அமெரிக்காவில் பிறந்த செடி இது. மணிலாக்கொட்டை என்ற பேரில் அது சுற்றி வந்த வழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேரும் வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது.

கலோரி பார்ப்பவர்களுக்கு ஒரே வரி: 100 கிராம் வறுத்த பருப்பில் ஏறக்குறைய 580 கலோரி, அவித்ததில் 320 அளவு. அவித்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான் ரகசியம். இதில் அவித்த கட்சி பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அப்பா வறுப்பது இரும்புச் சட்டியில், மணல் போட்டு. மணல் நன்றாகச் சுட்ட பிறகு ஓட்டோடு கடலையைக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருப்பார். படபடவென்று ஓடு வெடிக்கும் சத்தம் கேட்டதும் சல்லடையில் அள்ளிச் சலிப்பார். ஆறும்வரை பொறுமை ஏது? அப்படியே டவுசர் பைக்குள் கொட்டிக்கொண்டு, தொடை சுடச்சுட ஓடுவோம். வறுத்த கடலைக்கு என்னிடமுள்ள ஆகச் சிறந்த சிபாரிசு இந்தத் தொடைச் சூடுதான்.

பாட்டியின் முறை வேறு. மண் போக நாலு தண்ணீர் அலசி, பெரிய பானையில் கல்லுப்பு அள்ளிப்போட்டு அவிப்பாள். வெந்ததும் இறக்க மாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, "உப்பு இறங்கட்டும், ஓடுங்க" என்று விரட்டிவிடுவாள். ஆறும்போதுதான் உப்புத்தண்ணீர் ஓட்டுக்குள் இறங்குகிறது. அவசரப்பட்டு வடித்தால் ஓடு கரிக்கும், பருப்பு சப்பென்று இருக்கும். நான் இது புரியாமல் பல வருஷம் உப்பைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

அவித்த காயின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் சீறிக்கொண்டு சட்டையில் தெறிக்கும். தெறிக்காமல் அந்தச் சாற்றை உறிஞ்சத் தெரிந்தவன்தான் கைதேர்ந்தவன். ஓட்டைப் பிளந்தால் ரோஸ் நிறத் தோலோடு இரண்டு பருப்பு, சில சமயம் மூன்று. இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் பிஞ்சு. பருப்பு முற்றாத சின்னக் காய், ஓடும் இளசாக இருக்கும். அவித்தால் அதை அப்படியே மென்று விழுங்கலாம், லேசாக இனிக்கும். காயப்போட்டால் அதே பிஞ்சு சுருங்கி வெறும் சக்கை ஆகிவிடுகிறது. தட்டைத் துழாவிப் பிஞ்சு பொறுக்குவதில் எங்களுக்குள் அடிதடியே நடந்திருக்கிறது.

ஆனால் நான் கட்சி மாறாமல் இருப்பதற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. கெட்டுப்போகும் விதம்தான்.

அண்ணன் சொன்னது உண்மை. அவித்ததை வெளியே வைத்தால் மறுநாள் ஊசிப்போகும். கொழகொழக்கும், புளித்த நாற்றம் வரும், மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். தூக்கிக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வறுத்தது அப்படி இல்லை. பருப்பின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். வறுத்த பிறகு அந்த எண்ணெயில் காற்றுப் படப்பட மெல்ல மெல்லக் காறிப்போகிறது. முதலில் நமுத்துப்போகும், அது கண்ணுக்குத் தெரியாது. பிறகு சிக்கு வாடை, அதுவும் டின்னுக்குள் மூக்கை விட்டால்தான் தெரியும். பார்வைக்கு வறுத்த அன்று இருந்த அதே செம்பொன் நிறம்! ஒரு கை அள்ளி வாயில் போட்டு, மென்று, பாதி விழுங்கிய பிறகுதான் புத்தி வரும். அடித்தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கசப்பு இரண்டு டம்ளர் தண்ணீருக்கும் அசையாது.

கடைசிக் கடலை சொத்தை என்று சொல்லிச் சிரிக்கிறோமே, அதிலும் விஷயம் இருக்கிறது. சில சொத்தைகள் பூஞ்சை பிடித்தவை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, காரணம் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கு என்று கண்டுபிடித்தார்கள். அந்த மாதிரிப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது அப்படித்தான். சமையல் சூட்டுக்கு அது முழுதாக அழிவதில்லை, அவித்தாலும் சரி, வறுத்தாலும் சரி. இந்த இடத்தில் வறுத்த கட்சிக்கு ஒரு புள்ளி தந்தாக வேண்டும். உரித்த பருப்பைத் தட்டில் பரப்பினால் சுருங்கியது, நிறம் மாறியது, பச்சைப் பூசணம் பூத்தது எல்லாம் கண்ணில் படும், பொறுக்கி எறியலாம். ஓட்டோடு அவித்ததில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் வாயில் போடவேண்டும். இருட்டில் பேச்சு சுவாரஸ்யத்தில் அவித்த கடலை தின்னக்கூடாது என்பதை நான் வாயாலேயே கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நன்றாகக் காய்ந்த கடலையை ஓட்டோடு வைத்திருந்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் வறுத்தால் என் வாதம் பாதி விழுந்துவிடும். அப்பா அப்படித்தான் செய்தார். அண்ணனுக்கு அந்தப் பொறுமை இல்லை. யோசித்தால், இப்போது யாருக்கு இருக்கிறது?

என் பங்கை மறுநாளே குக்கரில் அவித்தேன், பச்சைக் கடலைக்கு நாலு விசில் போதும். ஆறியதும் தண்ணீரை வடித்து, ஒரு தடவைக்கு ஆகும் அளவாகப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். வேண்டும்போது ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொதிக்கும் உப்புத்தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் போதும். பருப்பு கொஞ்சம் மெதுவாகிறது, முதல் நாள் ருசியில் ஒரு மாற்றுக் குறைவு. பச்சைக் கடலை கிடைக்காதவர்கள் காய்ந்ததை ராத்திரி முழுக்க ஊறவைத்து அவிக்கலாம். ஆனால் அதில் பிஞ்சு இருக்காது, நேரமும் மும்மடங்கு.

வெல்லப் பாகு பிடித்த கடலையை மூன்றாவது கட்சியாகச் சேர்க்கலாம்தான். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கொஞ்சம் குறைவு. இரண்டே தடவை செய்திருக்கிறேன். ஒரு தடவை பாகு முறுகிக் கசந்தது, இன்னொரு தடவை பதம் வராமல் பல்லில் இழுத்தது. பாகு பூசினால் சிக்கு வாடை தள்ளிப்போகும் என்கிறார்கள், இருக்கலாம். இரண்டு தடவையும் எங்கள் வீட்டில் அது கெடுகிற வரைக்கும் இருந்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் டின்னைத் திறந்தான். கையில் நாலு பருப்பை எடுத்துத் தோலை ஊதினான், வாயில் போட்டான், மெல்வதை நிறுத்தினான். ஒன்றும் பேசாமல் வாஷ்பேசின் பக்கம் போய்விட்டு வந்தான்.

"ஃப்ரீசர்ல இன்னும் எத்தனை பொட்டலம்டா இருக்கு?"