காப்ஸ்யூலா, முட்டைகோஸா?

மும்பை மாட்டுங்காவில் காய்கறி வாங்கும்போது அடுத்த வீட்டு மாமி ஒரு கேள்வி கேட்டார்: புற்றுநோய் வராமலிருக்க விலை கூடிய ப்ரோக்கோலியா, வழக்கமான முட்டைகோஸா, அல்லது மருந்துக்கடையில் விற்கும் காய்கறிச் சாரக் காப்ஸ்யூலா?

காப்ஸ்யூலை முதலிலேயே விலக்கிவிடுவேன். காய்கறி மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டதால், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் நிறமியை மட்டும் பிரித்து மாத்திரையாக்கிப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், அந்த மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் வைட்டமின் ஏயுடன் சேர்த்துக் கொடுத்த ஆய்வும் 28 விழுக்காடு கூடுதலைக் கண்டு 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. காய் நல்லதென்றால் அதன் சாரம் இன்னும் நல்லது என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது.

ப்ரோக்கோலியின் புகழுக்குக் காரணம் சல்ஃபோராபேன் என்னும் சேர்மம். 1992இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் இதைப் பிரித்தெடுத்து, உயிரணுக்களின் நச்சுநீக்கும் நொதிகளை இது தூண்டுவதைக் காட்டினர். எலிகளிடம் கிடைத்த பலன் மனிதரிடம் அதே உறுதியோடு நிறுவப்படவில்லை. முட்டைகோஸில் சல்ஃபோராபேனின் மூலப்பொருள் குறைவுதான் என்றாலும், கடுகின் காரத்துக்குக் காரணமான சினிக்ரின் போன்ற உறவுச் சேர்மங்கள் அதில் உண்டு.

என் கணிப்பில் காயின் பெயரைவிட அடுப்படிப் பழக்கமே பெரிது. நறுக்கும்போது திசு சிதைந்து, மைரோசினேஸ் என்னும் நொதி வெளிப்பட்டால்தான் இச்சேர்மங்கள் செயல்படும் வடிவம் பெறுகின்றன. நறுக்கிய கையோடு குக்கரில் ஏற்றினால் நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடும், பிறகு குடல் நுண்ணுயிரிகள் செய்யும் சிறு மாற்றமே மிச்சம். ஆகவே நறுக்கிய கோஸை அரை மணி நேரம் வைத்திருந்து இலேசாக வதக்குவது மேல். கடுகிலும் இந்நொதி உண்டு, ஆனால் தாளித்தால் மிஞ்சாது. பச்சைக் கடுகை அரைத்துக் கலக்கும் தயிர்ப்பச்சடியில் அது உயிர்ப்போடு இருப்பதால், பொரியலுக்கு அதுவே நல்ல துணை. (பாட்டிமார் இதை நொதிக்காகச் செய்யவில்லை, ருசிக்காகத்தான்.)

ஆனால் பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை, இத்தனிச் சேர்மங்களைவிட முழுதானியங்களுக்கும் நார்ச்சத்துக்கும் சான்று வலுவானது. மாமியின் வீட்டிலோ மாமா சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையோடு புகையிலையும் போடுபவர். புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் தனித்தே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அதை ஈடுகட்டும் காய் எந்தச் சந்தையிலும் இல்லை என்றேன். மாமி ஒரு முட்டைகோஸை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, “இதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள்” என்றார்.