ஸ்கீ அடுக்குகளை நடுக்கோட்டில் நிறுத்தும் முளைத்தகடுகள்: ஒரு மதிப்பீடு

வீட்டுப் பட்டறையில் ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகை செய்பவர்களுக்கு மரம் இழைப்பதைக் காட்டிலும் கடினமான வேலை, எபாக்ஸி என்னும் இறுகும் பசையைப் பூசி அடுக்கிய பொருட்களை அழுத்தம் ஏறும் நேரத்தில் இடம் மாறாமல் நிறுத்துவதுதான். எஃகு விளிம்பு ஒட்டிய பாலிஎத்திலீன் அடித்தகடு, அதன்மேல் கண்ணாடி இழைத் துணி, இருபுறமும் ஏபிஎஸ் என்னும் கடின பிளாஸ்டிக் பட்டை சேர்த்த மரக்கரு, மீண்டும் துணி, மேலே நைலான் உறை என வரிசையாக வைக்கும்போது, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே இருப்பது வழுக்கும் ஈரப்பசை மட்டுமே. அடுக்கை அழுத்தும் அச்சில் வைத்த தீயணைப்புக் குழாயில் காற்றை நிரப்பிச் சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு, அதாவது சுமார் 3 பார் அழுத்தம் கொடுத்தால், 180 செ.மீ. நீளமும் சராசரியாக 10 செ.மீ. அகலமும் கொண்ட ஸ்கீயின்மேல் 5 டன்னுக்கும் கூடுதலான சுமை விழுகிறது. அந்தச் சுமையில் மரக்கரு 2 மி.மீ. பக்கவாட்டில் விலகினாலே போதும். வெட்டித் திருத்தும்போது ஒரு பக்கத்து ஏபிஎஸ் பட்டை மெலிந்துவிடும், அங்கே மரம் வெளியே தெரிந்தால் பனிநீர் உள்ளே ஊறும்.

இதைத் தடுப்பதற்கென்றே ஒரு சிறு நிறுவனம் விற்கும் தொகுப்பை வாங்கிப் பயன்படுத்தினேன். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், ஸ்கீயின் முன்நுனியான முனையிலும் பின்நுனியான வாலிலும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே பொருந்தும் நைலான் முளைகள் (குச்சிபோன்ற சிறு ஆணிகள்), அடித்தகட்டிலும் மரக்கருவிலும் ஒரே இடத்தில் துளையிட உதவும் வழிகாட்டிச் சட்டம் ஆகியவை அதில் உள்ளன. பொருட்களை மேசையிலேயே தகட்டின்மேல் அடுக்கி, முளைகளில் மாட்டி, மேல் தகட்டால் மூடி, மொத்தமாகத் தூக்கி அச்சில் வைத்துவிடலாம். பசை இறுகத் தொடங்குவதற்குள் பதற்றமின்றி வேலை முடிகிறது என்பதே பெரிய ஆறுதல்.

இதை வடிவமைத்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்பதற்கு வால்பக்கத் துளையே சான்று. முனைப்பக்கத்தில் வட்டத்துளையும் வால்பக்கத்தில் நீள்துளையும் வைத்திருக்கிறார்கள். பசை இறுகுவதற்காக அறை வெப்பத்திலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றும்போது 180 செ.மீ. அலுமினியம் சுமார் 2.5 மி.மீ. நீள்கிறது; எஃகு விளிம்பு ஏறத்தாழ அதில் பாதி; மரம் நாரின் போக்கில் அதைவிடவும் குறைவு; பாலிஎத்திலீனோ இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு விரிய முயலும். முனை, வால் இரண்டையும் இறுகப் பூட்டினால் ஏதாவது ஓர் அடுக்கு புடைத்துக்கொள்ளும். நீள்துளை பக்கவாட்டு அசைவை மறுத்து, நீளவாட்டு அசைவை மட்டும் அனுமதிக்கிறது. வெட்டியபின் காலணிப் பிடிப்பு வரும் இடத்தில் இருபுறப் பட்டைகளையும் அளந்தபோது, வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள் இருந்தது. வெறும் ஒட்டுநாடாவை நம்பிச் செய்ததில் இந்த அளவு கிடைத்ததில்லை.

குறைகளும் உண்டு. முளைகள் ஒரே உயரத்தில் வருவதால், மெலிந்த முனைகொண்ட ஸ்கீக்கு அவற்றை அராவிக் குறைக்க வேண்டியிருக்கிறது. முளை அடுக்கின் உயரத்தைத் தாண்டினால் அழுத்தம் முளையின்மேல் தங்கிவிடும், சுற்றிலும் பசை தடித்து நிற்கும். முளைகளுக்கு மெழுகு பூசச் சொல்லும் குறிப்பு கையேட்டில் இல்லை. பூசாவிட்டால் அவை ஸ்கீயோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்கீயின் நடுப்பகுதியையும் இந்த முளைகள் காப்பதில்லை. அடித்தகட்டைக் கீழ்த் தகட்டோடு சில துளி உடனடிப் பசையால் நிறுத்துவதும், மரக்கருவை முன்கூட்டியே நேராக இழைத்துக்கொள்வதும் நம் பொறுப்பு. கண்ணாடி இழைத் துணியும் அப்படித்தான்: பசையை வழித்துப் பரப்பும்போது அது சாய்ந்தால் ஸ்கீ முறுக்கிக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால், துணியிலும் உறையிலும் நடுக்கோடு வரைந்து கண்ணால் ஒப்பிட்டே வைக்க வேண்டும்.

துளையிடும் எந்திரமும் நேரான அளவுகோலும் வைத்திருப்பவர் இதையெல்லாம் தாமே செய்துகொள்ளலாம். அவர்களுக்கு இத்தொகுப்பின் விலை அதிகம். முதல் இணையைச் செய்யப்போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம், மரக்கருவை மட்டும் முனையிலும் வாலிலும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு அறுத்துக்கொள்ள வேண்டும்; முளைகளுக்கான துளைகள் அந்த மிச்சத்தில்தான் வரும்.