டி5 டியூப் லைட்: ஆபீஸ் கரெண்ட் பில்லில் என்ன மிச்சம்?

அண்ணா சாலையில் ஒரு நான்கு மாடி ஆபீஸ் கட்டடத்தின் மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. முன்பெல்லாம் 36 வாட்ஸ் டியூப், செங்கல் கனத்தில் காப்பர் சோக், ஸ்டார்ட்டர் என்று ஓடியது. எல்.இ.டி. கட்டுப்படியாகாத காலத்தில் 28 வாட்ஸ் டி5 டியூபுக்கு, அதாவது பழையதைவிட ஒல்லியான டியூபுக்கு, மாறினோம். பாதிக் கட்டடத்தில் இன்றும் அதுதான் எரிகிறது.

டியூப் வாட்ஸை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். காப்பர் சோக்கே சூடாகிப் பத்துப் பன்னிரண்டு வாட்ஸ் தின்றுவிடும். பழைய செட் ஒன்று 48 வாட்ஸ் என்றால், எலெக்ட்ரானிக் சோக்கோடு டி5 சுமார் 31. தினம் 10 மணி நேரம், மாதம் 25 நாள் எரிந்தால் ஒரு லைட்டுக்கு 4 யூனிட்டுக்கு மேல் மிச்சம். நூறு லைட்டுக்கு 425 யூனிட். சூடு குறைவதால் ஏ.சி.க்கும் சுமை குறையும். அதைத் தனியாக அளக்க வழியில்லை, சேர்க்கவில்லை.

அதைவிடக் கைகொடுத்தது சுவிட்ச்தான். முன்பு ஒன்றைத் தட்டினால் ஹால் முழுக்க எரியும். ஜன்னலோர வரிசைக்குத் தனி லைன் இழுத்தோம். ஒயரும் கூலியும்தான் செலவு. காலையில் அந்த வரிசை தேவையே இல்லை. மதியம் மூன்று மணிக்கு மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும்போது திரையை இறக்கிவிட்டு லைட்டைப் போடுகிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய!

தொல்லை இல்லாமல் இல்லை. டி5 பழைய டியூபைவிட 5 செ.மீ. குட்டை. பழைய பட்டியிலேயே அடாப்டர் வைத்து மாட்டிய இடங்களில் பின் லூசாகி அடிக்கடி அணையும். புதுப் பட்டியே போட்டுவிடுங்கள். முதலில் கான்ட்ராக்டர் கொண்டுவந்த பெயரில்லாத சோக்குகள், கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்கியதும் வரிசையாகப் போயின. வாரன்ட்டியோடு வாங்கியவை தாக்குப்பிடிக்கின்றன. இன்னொன்று: அடிக்கடி போட்டு அணைத்தால் டியூபின் ஆயுள் குறையும். பாத்ரூமில் சென்சார் வைக்கும்போது டியூபைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினோம்.

இப்போது புதிதாக டி5 வாங்குவதற்கு அர்த்தமே இல்லை. எங்களிடம் ஃபியூஸ் போன இடத்தில் எல்.இ.டி. பட்டி ஏறுகிறது, நன்றாக எரிவதைக் கழற்றுவதில்லை. போன டியூபைக் குப்பையில் போட்டு உடைக்க விடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. காயலான் கடைக்கும் வேண்டாம். வந்த அட்டைப்பெட்டியிலேயே நிறுத்தி வைத்து, அனுமதி பெற்ற மின்கழிவு ஆட்களிடம் மொத்தமாகக் கொடுக்கிறோம்.