கணக்கு டீச்சர்கள் எட்டுப் பேர், பாபநாசத்துப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு

எட்டுப் பேரும் வேறு வேறு ஊர் அரசுப் பள்ளி. உட்கார்ந்து பேச இடமும் நல்ல சோறும் இருந்தால் போதும் என்றுதான் விக்கிரமசிங்கபுரம் தாண்டி இந்த வீட்டை இரண்டு நாளைக்கு எடுத்தோம்.

இந்த வீட்டின் அருமை அதன் திண்ணைதான். பத்தமடைப் பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். ஆளுக்கு அரை மணி நேரம். வகுப்பில் சொதப்பிய ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். என் வகுப்பில் ஒரு பிள்ளை 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியதைச் சொன்னேன். "ஏன் அப்படிக் கூட்டுனேன்னு அவகிட்ட கேட்டியளாக்கா?" என்றாள் எங்களில் இளையவள். நான் கேட்கவே இல்லை. பதினாறு வருட சர்வீஸில் எந்தப் பயிற்சி வகுப்பும் என்னை இப்படி உலுக்கியதில்லை.

மதியம் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய்ப்பாலைத் திரியவிடாமல் பக்குவமாக இறக்கியிருந்தார் சமையல் அக்கா. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

குறை என்றால், குளியலறை ஒன்றுதான், காலையில் வரிசை. கரும்பலகை இல்லை, சார்ட் நீங்களே கொண்டு போங்கள். அகஸ்தியர் அருவிக்குப் போவதானால் பாலிதீன் பை வேண்டாம், அது புலிகள் காப்பகம்.

பத்துப் பேருக்கு மேல் திண்ணை கொள்ளாது. தை மாதத்துக்கு நாங்கள் முன்பணம் கொடுத்துவிட்டோம்.