வளரும் நாய்க்கு மூன்று பட்டை ஹார்னஸ்: கொடைக்கானல் நடைக்கு எப்படி?

ஆறு மாதம் தாண்டி ஒன்றரை வயதுக்குள், அதுவரை எல்லோரிடமும் வாலாட்டிய குட்டி புது ஆளைக் கண்டதும் முறைக்கும், பின்வாங்கும், குரைக்கும். பல நாய்களுக்கு இந்தப் பருவத்தில் வருவதுதான். கொடைக்கானலில் சிக்கல் கூடுதல். பனிமூட்டத்துக்குள்ளிருந்து குரங்குக் குல்லாயும் போர்வையுமாக ஓர் ஆள் பத்தடி தூரத்தில் திடீரென்று முளைப்பார். சீசனில் ஏரிச்சாலை முழுக்கக் குதிரையும் வாடகை சைக்கிளும் வேறு.

இந்த வயது நாய்க்கு நாங்கள் பரிந்துரைப்பது, கழுத்தில் இல்லாமல் உடம்பில் மாட்டும் வார்க்கட்டு. மார்பில் ஒய் வடிவில் இறங்கி, முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்றும் விலா முடியும் இடத்தில் ஒன்றுமாகப் பட்டை சுற்றும் ஹார்னஸ். பயந்த நாய் பின்னோக்கி இழுக்கும். அப்போது விலா முடியும் இடத்துப் பட்டை இல்லாத ஹார்னஸ் தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஆழமான மார்பும் ஒட்டிய இடுப்பும் உள்ள சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களிடம் இது அடிக்கடி நடக்கும். காட்டெருமை மேயும் ஊரில் நாய் கழன்று ஓடுவது சின்ன விஷயமில்லை.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அளந்து வாங்குங்கள். வளர இடம் வேண்டும் என்பதால், வாங்கும்போது பட்டையைப் பாதி நீளத்துக்கு இறுக்கினால் பொருந்தும் அளவே சரி. மாட்டியபின் எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். தோள் மீது குறுக்கே ஓடும் பட்டை நடையைக் கெடுக்கும், அந்த ரகம் வேண்டாம். நாய் வளர்ந்துகொண்டே இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

குறைகளும் உண்டு. உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த ரகம் பனியிலும் சாரலிலும் நனைந்தால் லேசில் காயாது. ஈரத்தோடு மாட்டினால் கால் இடுக்கில் முடி உதிர்ந்து தோல் சிவக்கும். மலைக்கு ஸ்பாஞ்ச் இல்லாததே நல்லது. முலாம் பூசிய கொக்கி துருப்பிடிக்கும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேளுங்கள். பிளாஸ்டிக் பக்கிள் விட்டுப்போனாலும் நாய் கையை விட்டுப் போகாதபடி, கழுத்துக் காலரையும் ஹார்னஸையும் ஒரு சின்ன வாரால் இணைத்துவிடுங்கள்.

கயிறு மூன்று மீட்டர், தட்டையானது. தானாகச் சுருளும் லீஷ் வேண்டவே வேண்டாம். அதில் இழுவை ஓயாது. கைப்பிடி நழுவினால் தரையில் தடதடவென்று நாயைத் துரத்திக்கொண்டே வரும். முள் காலரும் கழுத்தை இறுக்கும் சங்கிலியும் இன்னும் மோசம். ஆளைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் வலி என்றால், ஆள் வந்தாலே வலி என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். உறுமலும் அடங்கிப்போய், ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும்.

நல்ல ஹார்னஸ் பயத்தைப் போக்காது. நாயை வலிக்காமல் தள்ளி நிறுத்த உதவும். மீதி வேலை தூரத்திலும் தீனியிலும் இருக்கிறது. உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி வையுங்கள். நாய் ஆளைப் பார்த்த மறுநொடி ஒரு துண்டு, அவர் கடந்துபோகும் வரை ஒவ்வொன்றாக. முதலில் ஆள், பிறகுதான் கறி. வரிசை மாறினால், நீங்கள் பைக்குள் கைவிட்டதுமே யாரோ வருகிறார்கள் என்று நாய் விறைக்கும். கறியை முகர்ந்தும் பார்க்கவில்லை என்றால் நிற்கும் இடம் ரொம்பக் கிட்டே. பேசாமல் திரும்பி நடங்கள். இந்தத் திரும்பலை வீட்டு வாசலிலேயே பழக்கிவிடுங்கள். கோக்கர்ஸ் வாக் மாதிரி ஒதுங்க இடமில்லாத பாதையை இப்போதைக்கு விடுங்கள்.

சுற்றுலா வந்தவர்கள் பிஸ்கட்டை நீட்டினால், "தொடாதீங்க, இப்பத்தான் பழகுது" என்று தயங்காமல் சொல்லுங்கள். தீனிக்காகக் கிட்டே போன நாய், அது தீர்ந்ததும் முகத்துக்கு முன்னால் புது ஆளைக் கண்டு வெடுக்கென்று கடிக்கும்.

ஏற்கெனவே கடித்திருந்தால் வாய்க்கூடு மாட்டப் பழக்கி, கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு நடைக்குக் கூட்டிப்போங்கள். ஒரே வாரத்தில் குணம் மாறியிருந்தால் காதையும் இடுப்பு மூட்டையும் அவரிடம் காட்டிப் பார்த்துவிட்டு ஹார்னஸ் வாங்குங்கள். வலியுள்ள நாயும் ஆளை அண்டவிடாது.