அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் டிரை சிரப்: கடலோர வீட்டுக்கு ஒத்துவருமா?

காதுவலி, சைனஸ், நாய்க்கடிப் புண் என்று குழந்தைகளுக்கு டாக்டர்கள் அடிக்கடி எழுதித்தரும் ஆன்டிபயாடிக் மருந்து. பொடியாக வரும், தண்ணீர் கலந்து சிரப்பாக்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் பாட்டிலில், 5 மில்லிக்கு அமாக்ஸிசிலின் 200 மி.கி., கிளாவுலனேட் 28.5 மி.கி. மருந்தில் குறை இல்லை. பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்து வெயிலும் ஈரக்காற்றும்தான் இதற்கு ஆகாது.

முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் ஒட்டிய பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியிலேயே தண்ணீர்க் குப்பி இருந்தால் அதுதான் சரி. இல்லாவிட்டால் கொதித்து முழுக்க ஆறிய குடிநீர். உப்புக்கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை மீதியை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்காமல் கொடுத்தால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் கட்டியுமாகப் போகும். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். 5 மில்லிக்கு 400 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, கடையில் மாற்றித் தந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

கலந்தபின் 2 முதல் 8 டிகிரியில் 7 நாள். ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள், உறையவிடக் கூடாது. கரண்ட் போய் வெகுநேரம் ஆனால் முதலில் கெடுவது கிளாவுலனேட். பாக்டீரியா விடும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை முடக்குவது அதன் வேலை. அது போனால் அமாக்ஸிசிலினை அந்த நொதி உடைத்துவிடும். நிறம் பழுப்பானால் கொடுக்காதீர்கள். மாறாவிட்டாலும் நல்லதென்று அர்த்தமில்லை.

வீட்டில் அதிகம் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. இந்த மருந்து, வளர்ந்து சுவர் கட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வளராமல் உறங்கும் சில பாக்டீரியா செல்கள், மருந்தை எதிர்க்கும் திறன் இல்லாமலேயே தப்பிக்கும். 1944இல் ஜோசப் பிகர் என்ற பாக்டீரியா ஆய்வாளர் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் இதைக் கண்டார். கல்ச்சர் ரிப்போர்ட்டின் எஸ் (மருந்துக்குக் கட்டுப்படும்), ஆர் (மருந்தை எதிர்க்கும்) எழுத்துகளில் இது தெரியாது. 2017இல் ஜெருசலேம் ஆய்வாளர்கள் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை அமாக்ஸிசிலினின் உறவு மருந்தான ஆம்பிசிலினில் விட்டுவிட்டு வைத்தபோது, மருந்தைத் தாங்கித் தப்பும் திறன் முதலில் வந்தது, மருந்தையே எதிர்த்து வளரும் திறன் பின்னால் வந்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டதுதான். ஆனாலும் காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தி, மீந்த பாட்டிலை அடுத்த சளிக்கு எடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். சளி, டெங்கு போன்ற வைரஸ் நோய்க்கு இது எந்த விதத்திலும் உதவாது. எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ்), என்.டி.எம். என்ற வலுவான பீட்டா-லாக்டமேஸ் நொதி கொண்ட கிளெப்சியெல்லா பாக்டீரியா ஆகியவற்றிடம் கிளாவுலனேட்டும் பலிக்காது.

உணவின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு குறையும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இந்த சிரப்பைப் பரிந்துரைக்க மாட்டோம். கரையும் மாத்திரையாக 228.5 மி.கி. கிடைக்கிறது, குழந்தையின் எடைக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேளைக்கு ஒன்றாக ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து அப்போதே தண்ணீரில் கரைக்க வேண்டும். டப்பாவில் பிரித்துப்போட்டு வைத்தால் ஈரக்காற்றில் அதுவும் கெட்டுவிடும்.