விசாவுக்குக் காட்டிய ஓட்டல் ஒன்று, தங்க வைத்த ஓட்டல் வேறு

ஐரோப்பாவுக்கு 'பிரீமியம்' டூர் போகலாம் என்று ஏஜென்சியிடம் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். அப்பாவின் மணிவிழாவை ஒட்டி அப்பா, அம்மா, மனைவி, நான் நாலு பேரும் 2025 செப்டம்பரில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ் போய் வந்தோம். பேக்கேஜ் 14 லட்சம் ரூபாய். ஊருக்கு நடுவில் நான்கு நட்சத்திர ஓட்டல், சுவிஸில் ஜங்ஃப்ராவ்யோக் மலை ரயில், வெனிஸில் எங்களுக்கு மட்டும் தனிப் படகு என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. அதனால்தான் விலை குறைந்த குழு டூர்களை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தோம். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன், இன்னொருவர் அதையே செய்தால் உங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவுக்கு மனுப் போடும்போது எங்கே தங்கப் போகிறோம் என்பதற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். ஏஜென்சி தயாரித்த கோப்பில் பாரிஸின் 9-ஆம் வட்டாரத்தில், ஓபராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஓட்டலின் கடிதம் இருந்தது. எங்கள் நாலு பேர் பெயர், அறையின் வகை, பதிவு எண் எல்லாம் அதில் இருந்தன. ஓட்டலும் நிஜம், பதிவும் நிஜம். விசாவும் வந்துவிட்டது.

பாரிஸில் இறங்கியதும் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய வேன் பத்தே நிமிஷத்தில் நின்றுவிட்டது. நாங்கள் யாரையோ ஏற்றப் போகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தோம். டிரைவர் பெட்டிகளை இறக்க ஆரம்பித்த பிறகுதான் இதுதான் எங்கள் ஓட்டல் என்று புரிந்தது. ஊர் பெயர் ருவாஸி. சார்ல் து கோல் விமான நிலையத்தை ஒட்டிய இடம், பாரிஸ் நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அறை ஜன்னலைத் திறந்தால் விமானச் சத்தம். கிளம்புவதற்கு முந்தின இரவு வாட்ஸப்பில் வந்த வவுச்சரில் இந்த ஓட்டலின் பெயர்தான் இருந்தது, ஆனால் ஊர் என்ற இடத்தில் 'பாரிஸ்' என்றே போட்டிருந்தார்கள்.

ஏஜென்சிக்கு போன் செய்தேன். "சார், இதுவும் பாரிஸ்தான் சார். அல்லது அதற்கு இணையான ஓட்டல்னு போட்டிருக்கோமே, பார்க்கலையா?" என்றார் அந்த மேனேஜர். நட்சத்திரம் நாலுதானே, இணைதானே என்பது அவர் வாதம்.

அப்புறம் விசா கோப்பில் இருந்த ஓட்டலுக்கே பேசினேன். ரிசப்ஷனில் இருந்த பெண் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஜூலையிலேயே ரத்து செய்யப்பட்டுவிட்டது என்றார். எங்கள் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த அதே வாரம். பணம் கட்டாமல் ரத்து செய்யக்கூடிய பதிவாகப் போட்டு, அதைத் தூதரகத்துக்கும் எங்களுக்கும் காட்டி, வேலை முடிந்ததும் தூக்கிவிட்டு மலிவான இடத்தில் போட்டிருக்கிறார்கள். இது வெறும் பண விஷயம் இல்லை. தூதரகம் தோண்டிப் பார்த்திருந்தால் பொய்யான அத்தாட்சி என்று கேள்வி வருவது எங்கள் பெயரில்தான், ஏஜென்சி பெயரில் இல்லை.

அந்த ஓட்டலிலிருந்து ஊருக்குள் போக முதலில் ஷட்டில் பஸ், அப்புறம் ஆர்.இ.ஆர். பி ரயில். விமான நிலையத்திலிருந்து போக அப்போது ஆளுக்கு 13 யூரோ, நாலு பேருக்கு 52 யூரோ, ஒரு வழிக்கு மட்டும். ஷாத்தலே ஸ்டேஷனில் மாறும்போது அந்த நீள நடைபாதைகளிலும் படிகளிலும் அம்மா என் தோளைப் பிடித்தபடி ஏறி இறங்கினார். எந்த நடையைத் தவிர்க்க இத்தனை பணம் கட்டினோமோ அதே நடை.

சுவிஸில் இன்டர்லாக்கன் ஓட்டல் நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜங்ஃப்ராவ்யோக் போக வேண்டிய காலையில் வண்டி டிட்லிஸ் என்ற வேறு மலைப் பக்கம் போனது. டிட்லிஸும் அழகான இடம்தான். சுற்றிக்கொண்டே ஏறும் கேபிள் கார், 3,020 மீட்டர் உயரம். ஆனால் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐகர் மலையைக் குடைந்து 1912-இல் திறந்த ரயில் பாதை, 3,454 மீட்டரில் ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம், இதைப் பார்க்கத்தான் அவர் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார். ஜங்ஃப்ராவ்யோக்கின் டிக்கெட் டிட்லிஸைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதுதான் மாற்றியதற்குக் காரணம். ராத்திரி அப்பா அறையில் உட்கார்ந்து அந்த ரயிலின் விளம்பரத் தாளைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

வெனிஸ் என்று சொல்லித் தங்க வைத்தது மெஸ்த்ரேவில். கடலுக்கு இந்தப் பக்கம், வெனிஸுக்கு ரயிலில் பத்து நிமிஷம். 'தனிப் படகு' என்பது முன்பின் தெரியாத ஒருவரையும் சேர்த்து ஏற்றிய கோண்டோலா என்கிற துடுப்புப் படகு. அங்கே நகராட்சி வைத்த பகல் கட்டணம் அரை மணிக்கு 90 யூரோ, அதுவும் ஆளுக்கு இல்லை, படகுக்கு. நாங்களே நேரில் போய் ஏறியிருந்தால் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

ஊர் திரும்பிய பிறகு வந்ததுதான் பெரிய அடி. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வருமான வரியை ஏஜென்சியே முன்கூட்டிப் பிடிக்க வேண்டும். நாங்கள் கட்டிய 2025 ஏப்ரலில் 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20%. ரசீதில் டிசிஎஸ் என்று தனியாக 1,30,000 ரூபாய் போட்டு வாங்கினார்கள். அது நம் பான் எண்ணில் ஏறி, வரியில் கழிய வேண்டிய பணம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்ததற்கு ஜூலை 15-க்குள் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். நம் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் இன்றுவரை அந்தத் தொகை இல்லை. டிசிஎஸ் பிடித்ததற்கான 27டி சான்றிதழ் கேட்டால் ஆடிட்டரிடம் இருக்கிறது என்கிறார்கள். எனவே டிசிஎஸ் கேட்கிற ஏஜென்சியிடம் முதலில் டேன் எண்ணைக் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித் துறை தரும் எண்) கேளுங்கள். தராதவரிடம் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் 'அல்லது அதற்கு இணையான' என்று இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் ஓட்டல் எந்தப் பகுதியில் இருக்கும், மாறினால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்றாவது எழுதி வாங்குங்கள். மலை ரயில் டிக்கெட்டுக்கும் இதே கதைதான், 'ஏதாவது ஒன்று' என்ற வார்த்தையே இருக்கக் கூடாது. பாக்கித் தொகை ஓட்டல் உறுதியான பிறகுதான் என்று பேசிக்கொள்ளுங்கள்.

நான் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னேன். ஏஜென்சி அசையவில்லை. பிறகு நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுப் போட்டேன். 10 முதல் 20 லட்சம் வரை கட்டிய சேவைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயம் இல்லை. ஏஜென்சி சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நான் திருச்சியில் போட்டேன். பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வவுச்சர், வாட்ஸப் உரையாடல், ரத்து ஆனதாக ஓட்டல் அனுப்பிய மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்திருக்கிறேன்.

பணம் கட்டிவிட்டு இன்னும் கிளம்பாதவர்கள் இருந்தால், விசா கோப்பில் உள்ள ஒவ்வொரு ஓட்டலுக்கும் பதிவு எண்ணைப் போட்டு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். விசா வந்த பிறகு ஒரு முறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் இன்னொரு முறை.